புரளும் மேஜைக்கு ஒரு குழாய்

இரண்டாயிரமாவது ஆண்டு. ஃபிஜியில் இந்தியர் தலைமையில் இருந்த ஆட்சியைப் பூர்வகுடியினர் சிலர் துப்பாக்கி முனையில் பிடுங்கிக்கொண்ட செய்தி வானொலியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த மாதங்கள். நாங்கள் அப்போது நாடி விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வோட்டுவாலேவில் குடியிருந்தோம். கூரைக்கு மேலே விமானம் ஏறும்போதெல்லாம் என் மனைவி அடுப்படியிலிருந்து, "இன்னிக்கு யாரு போறாங்களோ?" என்பாள். எதிர்வீட்டு ஆசிரியர் குடும்பம் போயிருந்தது. மருந்துக்கடைக்காரர் போயிருந்தார். அவர்கள் வளர்த்த நாய்கள் மட்டும் பூட்டிய கேட்டுகளுக்கு முன்னால் படுத்துக் கிடந்தன.

நாட்டை விட்டுப் போகிற இந்தியர்களுக்கெல்லாம் பெட்டி வேண்டும். பாத்திரம், பண்டம், சாமி படம், தையல் மிஷின் எல்லாவற்றையும் அடுக்கிக் கப்பலில் ஏற்ற மரப்பெட்டி. அதைச் செய்வதுதான் அப்போது என் பிழைப்பு. ஊர் காலியாகக் காலியாக எனக்கு வேலை கூடியது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஆணி அடிக்கும்போது யாருடைய வீட்டையோ மூடுகிற மாதிரி இருக்கும்.

அதற்கு முன்பு நான் கரும்பு விவசாயி. மதராஸிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர்களின் வழி நாங்கள். சிகடோகா ஆற்றோரம் குத்தகை நிலம். அதில் அப்பா கட்டிய தகரக்கூரை வீடு. குத்தகை முடிந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர்களான ஃபிஜியக் குடும்பம் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. ஒரு காலையில் சாமான்களை லாரியில் ஏற்றினோம், வீட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். புதிதாக வந்து குடியேறப் போகிறவர்களை நான் பார்க்கக்கூட இல்லை. பார்க்க மனமில்லாமல்தான் விடிகாலையிலேயே கிளம்பினோம்.

வோட்டுவாலேவில் இருந்தது என் மனைவியின் அண்ணன் வீடு. மச்சானுக்கு டாக்ஸி ஓட்டும் தொழில். முன்பக்கம் கார் நிறுத்தும் போர்ச். பகலில் டாக்ஸி ரோட்டில் ஓடும், போர்ச் எனக்குப் பட்டறை. பொழுது சாய்ந்தால் டாக்ஸி உள்ளே வந்தாக வேண்டும். அந்த நாட்களில் வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு யாரும் தூங்க மாட்டார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு டாக்ஸியின் கண்ணாடியை உடைத்திருந்தார்கள். இன்னொன்று போன இடம் தெரியவில்லை. அந்த வண்டி ஓடினால்தான் இரண்டு குடும்பத்துக்கும் அடுப்பெரியும்.

என்னிடம் இரண்டு மிஷின்கள். ஒன்று பலகையை இழைக்கும் பிளேனர். பன்றிக்குட்டி மாதிரி கனமாக, பிடிக்க வாகில்லாமல் இருக்கும். இன்னொன்று பலகையை அளவாக வெட்டும் மின்ரம்பம். இரண்டுக்கும் தனித்தனி மேஜை. தினமும் சாயங்காலம் நானும் மனைவியும் அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்போம். காலையில் திரும்பவும் வெளியே. மேஜைகளைச் சுவரோரம் கவிழ்த்துப் போட்டாலும் டாக்ஸியின் வால் வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும்.

ஒருநாள் பிளேனர் கைநழுவிப் படியில் இடித்தது. டாக்ஸியை உள்ளே விட முடியாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த மச்சான் இறங்கி வந்தார்.

"மாப்ள, இந்த போர்ச்சுக்குள்ள நீ இருக்கணும், இல்ல என் வண்டி இருக்கணும். ரெண்டும் குடித்தனம் பண்ண முடியாது."

"கொஞ்சம் பொறுங்க மச்சான்."

"பொறுத்துப் பொறுத்து என் வண்டி வாலு மழையில நனையுது. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பறம் உன் மிஷினு கட்டாந்தரையில, சொல்லிட்டேன்."

சொன்னால் செய்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. போர்ச் போனால் எனக்கு வேலை போகும். நிலம் ஏற்கெனவே போய்விட்டது. இரண்டாவது முறையும் ஒன்றுமில்லாதவனாக நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள்:

"ரொட்டிய திருப்பிப் போடறமாரி அந்த மேசைய திருப்பிப் போட முடியாதா? மேல ஒண்ணு, அடியில ஒண்ணு."

நான் சிரித்தேன். அப்புறம் கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போர்ச்சுக்குப் போனேன்.

அவள் விளையாட்டாகச் சொன்னதுதான் சரியான வழி. இரண்டு பக்கமும் பலகைச் சுவர், அடியில் சக்கரம். நடுவில் ஒரு தடித்த கம்பி. அந்தக் கம்பியில் கோத்து மேஜையின் மேற்பலகை. பலகையின் ஒரு முகத்தில் பிளேனரை முடுக்க வேண்டும், மறுமுகத்தில் ரம்பத்தை. இழைக்க வேண்டுமானால் பிளேனர் மேலே, ரம்பம் தலைகீழாக அடியில். வெட்ட வேண்டுமானால், பலகை புரளாமல் பிடித்திருக்கும் முளையை உருவிவிட்டு ஒரு புரட்டு. வேலை முடிந்ததும் முழு மேஜையையும் உருட்டிக்கொண்டு போய் மூலையில் நிறுத்திவிடலாம். இரண்டு மேஜைக்கு இடம் அடைத்தது ஒரு மேஜைக்குள் அடங்கும். டாக்ஸி வாலோடு உள்ளே வரும்.

பலகை வேலையில் தடங்கல் இல்லை. இடறியது நடுக்கம்பியில்தான். முதலில் நல்ல வைரம் பாய்ந்த மரத்தில் உருளையாகச் செதுக்கிப் போட்டேன். முதல் புரட்டிலேயே படீரென்று முறிந்தது. ஒரு நொடி முன்பு என் பாதம் இருந்த இடத்தில் பிளேனர் விழுந்து சிமெண்டுத் தரையைப் பெயர்த்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த மச்சான் முதலில் என் காலைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"ஊர்ல இருக்கறவன எல்லாம் பெட்டியில போட்டு அனுப்பறியே மாப்ள, ஒனக்கு ஒரு பெட்டி செஞ்சி வெச்சியா?"

இரும்பே வேண்டும். நாடியில் பாதிக் கடைகள் கதவை இறக்கியிருந்தன. திறந்திருந்த கடைகளில் அந்தத் தடிமனில் குழாய் இல்லை. எங்கெங்கோ அலைந்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. எங்கள் பழைய வீட்டின் கைப்பம்பு. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்த பிறகு அப்பா அதைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார். அந்தப் பம்பின் குழாய்! யானை ஏறி நின்றாலும் வளையாது.

மச்சான், அந்தப் பக்கம் வண்டியை எடுக்கமாட்டேன் என்றார். வழியெல்லாம் ராணுவச் சோதனை. மனைவிக்கு வேறு கவலை. "உட்டுட்டு வந்த ஊட்டுக்கு எந்த மொகத்த வெச்சிகினு போவீங்க? அவங்க யாரோ எவரோ. காலம் சரியில்ல."

யோசித்தால் போகமாட்டேன் என்று தெரிந்ததால், மறுநாளே சிகடோகா பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாத பஸ். கடல் ஒரு பக்கம், கரும்பு ஒரு பக்கம். சிகடோகா சந்தையில் இறங்கி நங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கினேன். ஃபிஜியர் வீட்டுக்கு எதையாவது கேட்டுப் போகிறவர்கள் அந்த வேரைக் கொண்டுபோக வேண்டும். வாசலில் நின்று குரல் கொடுத்து, கூப்பிட்டால் உள்ளே போய், உட்கார்ந்து, வேரை முன்னால் வைத்து, வந்த காரியத்தைப் பணிவாகச் சொல்ல வேண்டும். அவர்கள் அதை இடித்துக் கரைத்து நமக்கும் ஒரு சிரட்டை தருவார்கள். அதற்குப் பிறகு நாம் அந்நியர் இல்லை. சொல்ல வேண்டியதை வழிநெடுக மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஐயா, நான் முன்பு இங்கே குடியிருந்தவன். ஐயா, ஒரு பழைய குழாய். ஐயா.

மண்பாதை திரும்பியதும் வீடு தெரிந்தது. அதே தகரக்கூரை. முற்றத்தில் அதே மாமரம். எனக்கு என்ன ஆனதென்று இன்றைக்கும் தெரியவில்லை. வாய் 'ஐயா ஐயா' என்று முணுமுணுத்துக்கொண்டிருக்க, கால்கள் பாட்டுக்குப் பழைய தடத்தில் வீட்டைச் சுற்றிப் போயின. தொட்டித் தண்ணீரில் பாதத்தைக் கழுவின. பின்கதவின் கீழ்மூலையைக் கட்டைவிரலால் எத்தித் தூக்கித் திறந்தன. பிறந்ததிலிருந்து வயலிலிருந்து வீட்டுக்குள் போனது அப்படித்தான்.

அடுப்படியில் நின்றேன். தரையில் ஓலைப்பாய். எங்கள் அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஒரு ஃபிஜியப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அவர் போட்ட கூச்சலில் மாமரத்துப் பறவைகள் கிளம்பின. அவருடைய கணவர் கையில் கரும்புக்கத்தியோடு கதவை அடைத்துக்கொண்டு நின்றார். கதவளவு ஆள். அது என்ன காலம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு இந்தியன் கேட்காமல் கொள்ளாமல் ஒரு ஃபிஜியர் வீட்டு அடுப்படிக்குள் நிற்கிறான், கையில் ஒரு வேர்க்கட்டு. மனப்பாடம் பண்ணி வந்த சொற்களில் மிஞ்சியது ஒன்றுதான். "குழாய்" என்றேன். மறுபடியும் "குழாய்" என்றேன்.

அந்தப் பெண்தான் கணவரிடம் வேகமாக ஏதோ சொன்னார். என் கால்களைக் காட்டினார், கதவைக் காட்டினார். அவர் கத்தியைத் தாழ்த்திவிட்டு, எங்கள் ஊர் இந்தியில் என்னைக் கேட்டார். எல்லாரும் அங்கே அந்த இந்திதான் பேசுவோம். இங்கே தமிழில் எழுதுகிறேன், சகோதரன் என்று பொருள்படும் 'பையா'வை மட்டும் அப்படியே விட்டுவைத்து.

"பையா, இந்தக் கதவ எப்படித் தெறந்த?"

"காலால... கீழ் மூலையைத் தூக்கி..."

"இன்னொரு தரம் தெற."

மூடிவிட்டுத் திறந்து காட்டினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். குடிவந்த நாள் முதல் அவர்கள் அந்தக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்களாம். தோளால் முட்டுவார்களாம், உதைப்பார்களாம். மழை பெய்தால் வீட்டைச் சுற்றிக்கொண்டு வருவார்களாம்.

"அப்ப நீ இந்த வீட்டு ஆள்தான்" என்றார் கணவர். பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "ஆனா இது நல்லா இல்ல. போ. முன்வாசலுக்குப் போய் ஒழுங்கா வா" என்றார்.

போனேன். முன்வாசலில் நின்று குரல் கொடுத்தேன். அப்போதுதான் என்னைப் பார்க்கிறவர் மாதிரி வரவேற்றார். உட்கார்ந்தேன், வேரை வைத்தேன், ஐயா என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மச்சானின் டாக்ஸி, ஞாயிற்றுக்கிழமைக் கெடு, முறிந்த உருளை. அவர் வழக்கப்படி கைதட்டி வேரை ஏற்றுக்கொண்டார். கரைத்துக் குடித்தோம். குழாய் இப்போது கொல்லையில் இரண்டு கவட்டைகளுக்கு நடுவே துணி காயப்போடும் கம்பாக இருந்தது. அந்தப் பெண் எழுந்து போய் ஈரத்துணிகளை எடுத்து மாமரக் கிளைகளில் போட்டார். குழாயோடு பம்பின் இரும்புக் கைப்பிடியும் வந்தது. தலை போனால் வாலும் போகட்டும் என்றார் கணவர்.

எனக்கு ஏதாவது பதிலுக்குச் செய்ய வேண்டும் போல இருந்தது. மேஜை ஓட ஆரம்பித்ததும் பிளேனரைக் கொண்டுவந்து இந்தக் கதவின் அடியை இழைத்துச் சரிசெய்து தருகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேண்டாம் பையா. இருக்கட்டும். உங்க ஆளுங்க யாராச்சும் வந்தா எங்களுக்குத் தெரியணுமில்ல?"

அந்தப் பெண் தந்த தேங்காய்ச் சில்லை மென்றுகொண்டே எழுந்து குழாயைச் சாக்கில் சுற்றினேன்.

கிளம்பும்போது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டார். சாக்கில் சுற்றிய இரும்புக்குழாயோடு ஒரு இந்தியன் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியுமா என்று கேட்டார். நான் அதை யோசித்தே இருக்கவில்லை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழாயைத் தன் மடியில் கிடத்திக்கொண்டார். சாவடியில் ஏறிய சிப்பாய்கள் சாக்கைத் தொட்டுப் பார்த்தார்கள். இவர் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். சிப்பாய்கள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வீட்ட விட்டுட்டுப் போனவன், கெணத்த எடுத்துட்டு வர ஆள் அனுப்பியிருக்கான்னு சொன்னேன்."

வோட்டுவாலேவுக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மச்சான் கேட்டருகில் நின்றிருந்தார். தோளில் இரும்புக்குழாயோடு ஒரு மலை நடந்து வருவதைக் கண்டார். பின்னால் வந்த நான் அந்த மலைக்கு மறைவில் இருந்தேன். மச்சான் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். மனைவிதான் எட்டிப் பார்த்தாள். அவள் ஆளைப் பார்க்கவில்லை, அவர் கையிலிருந்த கைப்பிடியைப் பார்த்தாள்.

"அண்ணே, கேட்ட தொற! அது எங்க பம்பு!"

கடைசி பஸ் போய்விட்டிருந்தது. அவர் எங்களோடு தங்கினார். டின்மீன் குழம்பும் ரொட்டியும். மனைவி ஒவ்வொரு ரொட்டியாகத் திருப்பிப் போடுவதைப் பார்த்துக்கொண்டே, மேஜையின் சூட்சுமம் தனக்கு இப்போதுதான் விளங்கியது என்றார். மச்சான் தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பாடு முடிவதற்குள் பாயோடு பக்கத்தில் நகர்ந்துவிட்டார்.

காலையில் வேலை. குழாயின் துருவைச் சுரண்டி எண்ணெய் பூசினோம். பக்கப் பலகைகளில் ஓட்டை போட்டு, மேற்பலகையின் நடுவே குழாயைச் செருகி, போல்ட் போட்டு இறுக்கினோம். பிளேனரை நான் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் தலையணையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வைத்தார். ஆனால் பிளேனர் இருந்த முகம் கனம், ரம்பம் இருந்த முகம் இலேசு. முளையை உருவியதும் பலகை தானாகவே சாயப் பார்த்தது. அதற்கும் பம்பே வழிசொன்னது. குழாயின் வெளிமுனையில் அந்தக் கைப்பிடியைப் பொருத்தினோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் பலகை அடங்கி ஒடுங்கிப் புரண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, குடம் நிரம்பும்வரை தொங்கித் தொங்கி நான் அடித்த கைப்பிடி. என் உள்ளங்கைக்கு அது ஞாபகம் இருந்தது.

மேஜையை மூலைக்கு உருட்டினேன். மச்சான் டாக்ஸியைப் பின்னால் எடுத்து உள்ளே விட்டார். வால் உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் மனைவி துணிக்கொடி கட்டும் அளவு இடம் மிச்சமிருந்தது. மச்சான் இறங்கி வந்து மேஜையைப் புரட்டினார். திருப்பிப் புரட்டினார். ரம்பம், பிளேனர், ரம்பம், பிளேனர். "மாப்ள, இத வெச்சி நான் ஒரு ரொட்டிக்கடையே போடுவேன்" என்றார். பிறகு, அந்தப் பக்கம் வண்டியை எடுக்கமாட்டேன் என்றவர், டாக்ஸியின் முன்சீட்டைத் துடைத்துவிட்டு அவரை உட்கார வைத்துச் சிகடோகாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது டிக்கி நிறையக் கத்தரிக்காயும் மரவள்ளியும் இருந்தன. மச்சானின் கண்ணில் நங்கோனா மயக்கம்.

அந்த மேஜையில் எத்தனையோ குடும்பங்களின் பெட்டிகள் உருவாயின. சில வருடம் கழித்து எங்களுடையதும். மனைவியின் தங்கை ஆக்லாந்துக்குக் கூப்பிட்டாள். எனக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத சுபாவம். மிஷின்களை விற்றேன். மேஜையை விற்க மனம் வரவில்லை. மச்சான் அதை டாக்ஸியின் கூரையில் கட்டி, சிகடோகாவில் எங்கள் பழைய வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஊருக்குப் போயிருந்தேன். அதே சந்தையில் நங்கோனாக் கட்டு வாங்கினேன். இந்த முறை கால்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். வீட்டுக்குப் புதுக்கூரை போட்டிருந்தார்கள். புது ஜன்னல்கள், புதுப் பூச்சு. மாமரம்கூட இல்லை. நான் நேராக முன்வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, பணிவாகக் குரல் கொடுத்தேன்.

உள்ளேயிருந்து அவர் எட்டிப் பார்த்தார். தலை முழுக்க வெள்ளை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். முகத்தில் பழைய கடுமை வந்தது.

"இங்க ஏன் நிக்கற? இது விருந்தாளிங்க வர்ற வாசல். போ, ஒழுங்கா வா."

சுற்றிக்கொண்டு போனேன். புதுச் சுவருக்கு நடுவில் அதே பழைய கதவு. கட்டைவிரலால் கீழ்மூலையை எத்தினேன். தூக்கிக்கொண்டது, திறந்தது. அடுப்படியில் எங்கள் மேஜை. அந்த அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மேலே துருவி, அடியில் தலைகீழாகத் தொங்கியபடி கத்தி தீட்டும் சாணை. என்னைக் கண்டதும் அவர் கூச்சல் போடவில்லை. சிரித்தபடி முளையை உருவி, கைப்பிடியைப் பிடித்து, எனக்காக ஒருமுறை புரட்டிக் காட்டினார்.

ஆக்லாந்தில் என் வீட்டுக் கதவுகள் ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் திறக்கின்றன, யார் தள்ளினாலும் திறக்கின்றன. மழை நாட்களில் சமையலறைக்குள் நுழையும்போது மட்டும் என் வலது கால் கட்டைவிரல் தன்னையறியாமல் கொஞ்சம் மேலே எழும்புகிறது, அப்போதெல்லாம் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் எனக்காகவே சரிசெய்யாமல் விட்டு வைத்த ஒரு கதவு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறேன்.